ஃபைன் கட்டியாச்சு, லைசென்ஸ் கேஸ் முடிஞ்சுதா?

மீஞ்சூர் பக்கம் செக்கிங்கில் மாட்டினால் நமக்குத் தெரிந்த நடைமுறை ஒன்றுதான். போனுக்கு மெசேஜ் வரும், ஹெல்மெட் போடாததற்கு 1000 ரூபாய் என்று காட்டும், யுபிஐ-யில் கட்டிவிட்டு மறந்துவிடுவோம். பல சமயம் விஷயம் அதோடு முடிந்தும் போகிறது. சில சமயம் முடிவதில்லை. கொஞ்ச நாள் கழித்து ஆர்டிஓ ஆபீஸிலிருந்து வீட்டு விலாசத்துக்கு ஒரு கவர் வரும். உங்கள் ஓட்டுநர் உரிமத்தை ஏன் தகுதியிழப்பு செய்யக் கூடாது, இத்தனை நாளுக்குள் விளக்கம் கொடுங்கள் என்று இருக்கும். "ஃபைன்தான் கட்டிட்டேனே, இது எதுக்கு வந்திருக்கு?" என்று அதை ஒரு நோட்டுக்குள் சொருகி வைப்பவர்கள் நிறைய பேர். இந்தக் கட்டுரை அந்தக் கவரைப் பற்றியது. லைசென்ஸைத் திரும்ப வாங்குவதில் பாதி வேலை அதற்கு எழுதும் பதிலில்தான் இருக்கிறது.

முதலில் அந்த ஃபைன் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 200-வது பிரிவுதான் ஸ்பாட்டில் அபராதம் கட்டி கேஸை முடிக்க அனுமதிக்கிறது. 2019-ல் வந்த திருத்தம் அந்தப் பிரிவில் இரண்டு விஷயங்களைச் சேர்த்தது. ஒன்று, அபராதம் கட்டி முடித்தாலும் லைசென்ஸ் மீதான நடவடிக்கையிலிருந்து விடுதலை கிடையாது. இரண்டு, அப்படிக் கட்டி முடித்ததும் ஒரு குற்றமாகவே கணக்கில் இருக்கும். அடுத்த முறை மாட்டினால் அது உங்களுக்கு இரண்டாவது. இந்த 'இரண்டாவது' எவ்வளவு பெரிய வார்த்தை என்று கொஞ்சம் கீழே பார்ப்போம்.

எந்தெந்தத் தப்புக்கு லைசென்ஸ் போகும்? 206-வது பிரிவின் 4-வது உட்பிரிவு எட்டுப் பிரிவுகளைச் சொல்கிறது: அதிவேகம் (183), ஆபத்தாக ஓட்டுவது (184), குடித்துவிட்டு ஓட்டுவது (185), ரேஸ் (189), பாதுகாப்பில்லாத வண்டி (190), டூவீலரில் மூணு பேர் (194-சி), ஹெல்மெட் இல்லாமல் (194-டி), ஆம்புலன்ஸுக்கு வழி விடாதது (194-இ). இதில் ஒன்று நடந்ததாகப் போலீஸ் நம்பினால் லைசென்ஸை வாங்கி, உரிமம் வழங்கும் அதிகாரிக்கு, அதாவது ஆர்டிஓவுக்கு, அனுப்ப வேண்டும். 'ஆபத்தாக ஓட்டுவது' என்றதும் சினிமா ஸ்டண்ட் ஞாபகம் வரும். ஆனால் சிக்னல் தாண்டுவது, கையில் போன் வைத்து ஓட்டுவது, ராங் சைடில் வருவது எல்லாமே 184-க்குள் வருகிறது. வல்லூரிலிருந்து கொஞ்ச தூரம் போய் யூ-டர்ன் போட சோம்பல்பட்டு, எதிரே வரும் டிரெய்லர் ஓரமாக ராங் சைடில் நுழைகிறோமே, சட்டம் அதைத்தான் சொல்கிறது.

இந்த மூணு மாச சஸ்பென்ஷன் 2019-ல்தான் புதிதாக முளைத்தது என்று நினைக்க வேண்டாம். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகள் பற்றி 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதிவேகம், சிக்னல் மீறல், ஓவர்லோடு, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, குடி, போன் ஆகியவற்றுக்குக் குறைந்தது மூணு மாசம் லைசென்ஸை சஸ்பெண்ட் பண்ணுங்கள் என்று 2015-ல் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது அந்தக் குழுதான். ஆபரேஷன் தியேட்டரில் உடைந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்து ஒரு டாக்டர் போட்ட கேஸ் இன்று நம் பர்ஸில் இருக்கும் கார்டு வரை வந்து நிற்கிறது.

கையில் கொடுத்த ரசீதைப் படிங்க

போலீஸ் கார்டை வாங்கிக்கொண்டால் ஒரு ஒப்புகை ரசீது தருவார்கள். அதில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று அங்கேயே பாருங்கள். 206-வது பிரிவின் 3-வது உட்பிரிவின்படி வாங்கியிருந்தால், அதில் குறிப்பிட்ட தேதி வரை அந்த ரசீதை வைத்து ஓட்டலாம். 4-வது உட்பிரிவு என்றால் ஓட்டக் கூடாது. லைசென்ஸ் கைக்குத் திரும்பி வரும்வரை அந்த ரசீது ஓட்ட அனுமதி தராது என்று சட்டத்திலேயே இருக்கிறது. "ரசீது இருக்குல்ல, ஓட்டலாம்டா" என்று சீனியர் சொல்வது பழைய பழக்கத்தில் வருவது. இரண்டு ரசீதும் பார்க்க ஒரே மாதிரி துண்டுச் சீட்டுதான், ஒரு எண் மட்டும் வேறு.

கார்டை வாங்காமல் ஆன்லைனில் மட்டும் கேஸ் போட்டிருந்தால், ஆணை வரும்வரை லைசென்ஸ் செல்லும். ஆணை வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பரிவாகன் தளத்தில் சாரதி பகுதிக்குப் போய் லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் போட்டால் இப்போதைய நிலை வரும். ஹாஸ்டலில் இருப்பவர்கள் கட்டாயம் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் போவது லைசென்ஸில் இருக்கும் விலாசத்துக்கு. வீடு மாறியிருந்தால் கவர் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பிவிடும், ஆணை உங்களுக்குத் தெரியாமலே வந்து உட்கார்ந்திருக்கும்.

ஒரே கார்டு

நம்ம ஏரியாவுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, மணலி என்று சுற்றிலும் லாரியும் டிரெய்லரும்தான். நம் வகுப்பிலேயே அப்பாவோ அண்ணனோ சித்தப்பாவோ ஸ்டியரிங் பிடிப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு டிரெய்லர் டிரைவர் லீவு நாளில் ஹெல்மெட் இல்லாமல் பக்கத்துக் கடைக்குப் பைக்கில் போகிறார், மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் பைக்குக்கு ஒரு லைசென்ஸ், டிரெய்லருக்கு ஒரு லைசென்ஸ் என்று இரண்டு கிடையாது. ஒரே கார்டில்தான் எல்லா வகை வண்டியும். அந்தக் கார்டு மூணு மாசம் முடங்கினால் வீட்டில் மூணு மாசம் சம்பளம் இல்லை. நமக்கு மூணு மாசம் டிரெயினில் போகும் சலிப்பு, அவருக்கு அது வாடகை, பள்ளிக் கட்டணம், நம்ம செமஸ்டர் ஃபீஸ்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 19-வது பிரிவின் 1-ஏ உட்பிரிவு, போலீஸ் அனுப்பிய லைசென்ஸை என்ன செய்யலாம் என்று ஆர்டிஓவுக்குச் சொல்கிறது. உங்கள் தரப்பைக் கேட்ட பிறகு ஒன்று, நடவடிக்கை வேண்டாம் என்று விட்டுவிடலாம். இல்லையென்றால் காரணங்களை விவரமாக எழுதி, லைசென்ஸில் உள்ள எல்லா வகை வண்டிக்கும் 'அல்லது ஏதாவது ஒரு வகைக்கு மட்டும்' தகுதியிழப்பு செய்யலாம். முதல் முறை என்றால் மூணு மாசம். இரண்டாவது முறை என்றால் லைசென்ஸே ரத்து. மேலே சொன்ன 'இரண்டாவது' இதுதான்.

ஆக, அந்த டிரைவர் தன் பதிலில் 'டூவீலர் வகைக்கு மட்டும் தகுதியிழப்பு செய்யுங்கள், கனரக வாகன வகையை விட்டுவிடுங்கள்' என்று கேட்க இடம் இருக்கிறது. கேட்டால் கிடைத்தே தீரும் என்று சொல்லவில்லை, அது அதிகாரியின் முடிவு. ஆனால் கேட்காதவருக்கு அதிகாரி தானாக யோசித்துத் தருவார் என்று எதிர்பார்ப்பது கஷ்டம். விளக்கம் எதுவும் வரவில்லை என்று ஒரு வரி எழுதி எல்லா வகைக்கும் சேர்த்து ஆணை போட்டுவிட்டால், பிறகு அதைத் திருத்துவது பெரிய அலைச்சல்.

பதில் எழுத வக்கீல் தேவையில்லை, ஒரு ஏ4 தாள் போதும். மேலே நோட்டீஸ் எண், தேதி, லைசென்ஸ் எண். நோட்டீஸில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறதோ அதே வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு எழுதுங்கள். உங்கள் கார்டு டிஎன் 18, அதாவது செங்குன்றம் என்றாலும் நோட்டீஸ் வேறு ஊரிலிருந்து வரலாம். பிறகு நடந்ததைச் சுருக்கமாக, உண்மையாக எழுதுங்கள். ஹெல்மெட் போடவில்லை என்றால் போடவில்லை என்றே எழுதுங்கள். கேமரா போட்டோ அவர்களிடம் இருக்கும்போது 'கழற்றிக் கையில் வைத்திருந்தேன்' கதை எடுபடாது. முதல் முறை என்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள், அபராதம் கட்டிய சலான் நகலை இணையுங்கள். வண்டி ஓட்டுவது தொழில் என்றால் கம்பெனி கடிதமோ சம்பளச் சீட்டோ வையுங்கள். கடைசியில் இரண்டு வரி மிக முக்கியம்: 'முடிவெடுக்கும் முன் என்னை நேரில் விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்', 'தகுதியிழப்பு அவசியம் என்று கருதினால் இன்ன வகை வாகனத்துக்கு மட்டும் என்று வரையறுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்'. இரண்டு காப்பி எடுத்துப் போய் ஒன்றில் ஆபீஸ் சீல் வாங்குங்கள். இல்லையென்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வாசலில் நிற்கும் புரோக்கர் "நான் பாத்துக்கிறேன், ஒரு கையெழுத்து மட்டும் போடு" என்பார். அவர் எழுதும் பதிலில் இந்த இரண்டு வரியும் இருக்காது என்பது என் கணிப்பு.

விபத்து கேஸ் கொஞ்சம் வேறு மாதிரி. உயிரிழப்பு நடந்த விபத்தில் எஃப்ஐஆரை வைத்தே ஆர்டிஓ நோட்டீஸ் அனுப்புவார், குற்றம் இன்னும் கோர்ட்டில் நிரூபணம் ஆகியிருக்காது. இப்படிப் போட்ட ஆணைகள் பல சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. டிரைவரைக் கேட்காமலோ காரணம் எழுதாமலோ போட்டவற்றை நீதிமன்றம் ரத்தும் செய்திருக்கிறது. இந்த மாதிரி கேஸில் ஏ4 தாளோடு நிற்காமல் வக்கீலைப் பாருங்கள். இங்கே எழுதுகிற ஒவ்வொரு வார்த்தையும் நாளைக்குக் கிரிமினல் கேஸில் வந்து நிற்கும்.

ஆணை வந்த பிறகு

ஆணை வந்துவிட்டால் கார்டை உடனே ஒப்படைக்க வேண்டும். ஆணை கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் (19-வது பிரிவு, 3-வது உட்பிரிவு). யாரிடம் என்று ஆணையில் பாருங்கள், இல்லாவிட்டால் ஆபீஸில் எழுதிக் கேளுங்கள். ஆணையில் காரணமே இல்லை, நேரில் விசாரிக்கவில்லை, நோட்டீஸே வரவில்லை என்பதெல்லாம் மேல்முறையீட்டில் நிற்கக்கூடிய வாதங்கள். மேல்முறையீடு போட்டதாலேயே வண்டி எடுக்க முடியாது, தடை உத்தரவு கைக்கு வந்தால்தான் உண்டு. ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்: மூணு மாச ஆணைக்கு மேல்முறையீடு போட்டால், அது விசாரணைக்கு வருவதற்குள் மூணு மாசமே முடிந்துவிடலாம். அதனால்தான் நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதில் இவ்வளவு அழுத்தம் கொடுத்தேன்.

நீண்ட கால ஆணை என்றால் கதை வேறு. டிடிஎஃப் வாசனை எல்லோருக்கும் தெரியும். 2023 செப்டம்பர் 17-ல் காஞ்சிபுரம் அருகே பாலுசெட்டிசத்திரத்தில் பைக் விபத்து, கைது. அதன்பின் காஞ்சிபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அவர் லைசென்ஸைப் பத்து வருஷத்துக்கு, 2033 அக்டோபர் 5 வரை, முடக்கியது. அப்போது "பத்து வருஷமா, அப்படி எல்லாம் பண்ண முடியுமா?" என்று நம் குரூப்களிலேயே சண்டை நடந்தது. முடியும். மூணு மாசம் என்ற கணக்கு 1-ஏ உட்பிரிவுக்குத்தான். அதே 19-வது பிரிவின் முதல் உட்பிரிவில், ஒருவர் ஓட்டுவது பொதுமக்களுக்கு ஆபத்து என்று கருதினால் 'குறிப்பிட்ட காலம்' என்றுதான் இருக்கிறது, உச்ச வரம்பு இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். அவர் கோயம்புத்தூர் பக்கத்துக்காரர், ஆணை போட்டது விபத்து நடந்த காஞ்சிபுரம். நோட்டீஸில் இருக்கும் அலுவலகத்தின் பெயரைப் பார்த்து எழுதுங்கள் என்று சொன்னது இதனால்தான்.

இப்படிப்பட்ட நீண்ட ஆணைக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 23-வது பிரிவின்படி, ஆணை வந்து ஆறு மாசம் ஆன பிறகு, ஆணை போட்ட அதிகாரியிடமோ கோர்ட்டிடமோ 'இதை நீக்குங்கள் அல்லது குறையுங்கள்' என்று மனு கொடுக்கலாம். நிராகரித்தால் அடுத்த மனுவுக்கு மூணு மாசம் காத்திருக்க வேண்டும். மூணு மாச சஸ்பென்ஷன்காரர்களுக்கு இது பயன்படாது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று வாங்கியவர்கள் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மூணு மாசம்

லைசென்ஸ் முடங்கிய காலத்தில் ஓட்டினால் 182-வது பிரிவு: மூணு மாசம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். 2019-க்கு முன்னால் இந்த அபராதம் 500 ரூபாயாக இருந்தது.

ஆனால் 10,000 ரூபாயைவிடப் பயப்பட வேண்டியது இன்ஷூரன்ஸைப் பார்த்துத்தான். நம்மில் பெரும்பாலானோர் ஓட்டும் வண்டியின் ஆர்சி அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோதான் இருக்கும். தகுதியிழப்பு காலத்தில் நீங்கள் ஓட்டி, ரோட்டில் யாருக்காவது அடிபட்டால், 150-வது பிரிவு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு வாதத்தைக் கொடுக்கிறது: ஓட்டியவர் தகுதியிழந்தவர், பாலிசி நிபந்தனை மீறப்பட்டது. ஸ்வரண் சிங் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழிமுறைப்படி, அடிபட்டவருக்கு முதலில் கம்பெனியே பணத்தைக் கொடுக்கும்படி ஆகலாம். வண்டி உரிமையாளர் தெரிந்தே வண்டியைக் கொடுத்தார் என்று நிரூபணமானால், அந்தப் பணத்தைக் கம்பெனி அவரிடம் திரும்ப வசூலிக்கும். சஸ்பென்ஷன் நோட்டீஸ் வீட்டு விலாசத்துக்கே வந்திருக்கும்போது 'எனக்குத் தெரியாது' என்று அப்பா எப்படிச் சொல்வார்? விபத்து இழப்பீடு என்பது லட்சங்களில் போகும். நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போகும் அந்த ஒரு சாயங்காலம், அவர் சேர்த்து வைத்த பிஎஃப் பணத்தின் மேல் ஓடுகிறது. வண்டியைக் கொடுத்ததற்கு 180-வது பிரிவில் அவருக்கு 5000 ரூபாய் அபராதம் தனி.

"கார்டு தொலைஞ்சுபோச்சுன்னு டூப்ளிகேட் எடுத்துடு", "தடா போனா ஆந்திரா, அங்கே புதுசா எடுத்துக்கலாம்" என்று இரண்டு ஐடியா நம்ம ஏரியாவில் அடிக்கடி காதில் விழும். ஓட்டுவது மட்டுமில்லை, தகுதியிழப்பு காலத்தில் புது லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பதே அதே 182-வது பிரிவில் குற்றம். அப்படி வாங்கிய லைசென்ஸ் செல்லவும் செல்லாது. பொய் சொல்லி வாங்கியது தெரிந்தால் அதற்காகவே ரத்து செய்ய இன்னொரு காரணம் கிடைத்துவிடும். டிஜிலாக்கரில் கார்டு தெரிகிறதே என்பதும் உதவாது. முடக்கிய விவரம் தளத்தில் ஏறியிருந்தால், செக்கிங்கில் எண்ணைப் போட்டதும் தெரிந்துவிடும்.

அத்திப்பட்டு புதுநகரிலோ மீஞ்சூரிலோ கும்மிடிப்பூண்டி லைன் டிரெயின் பிடித்துக்கொள்ளுங்கள். பாஸ் எடுத்தால் பெட்ரோலைவிடக் குறைவு. பின் சீட்டில் உட்கார்ந்து போகலாம், அதற்கு லைசென்ஸ் வேண்டாம், ஹெல்மெட் வேண்டும்.

திரும்ப வாங்கும் நாள்

தேதி முடிந்ததும் லைசென்ஸ் தானாகக் கைக்கு வந்துவிடாது. ஒப்படைத்த கார்டைத் திரும்ப வாங்க, ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. பயிற்சி அங்கீகாரம் பெற்ற டிரைவிங் ஸ்கூலிலோ அரசு அறிவித்த இடத்திலோ நடக்க வேண்டும். எந்த இடத்துச் சான்றிதழை ஏற்பார்கள் என்று ஆணை வாங்கும் அன்றே அந்த ஆபீஸில் கேட்டுவிடுங்கள். 89-வது நாள் போய்க் கேட்டால் மூணு மாசம் நாலு மாசம் ஆகும். கும்மிடிப்பூண்டியில் ஐஆர்டி-யின் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. வீட்டில் டிரெய்லர் ஓட்டுபவர்கள் இருந்தால் அங்கேயும் ஒரு வார்த்தை விசாரிக்கலாம்.

முடக்கமில்லாமல் முழுக்க ரத்து என்றால் திரும்ப வாங்க எதுவும் இல்லை. தகுதியிழப்பு காலம் ஏதாவது சேர்த்துப் போட்டிருந்தால் அது முடிந்த பிறகு எல்எல்ஆரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கனரக லைசென்ஸ் வைத்திருந்தவருக்கு இது நீண்ட நாள் வேலை. முதலில் இலகு ரக வாகனம், பிறகுதான் கனரகம் என்று படிப்படியாக ஏற வேண்டும்.

ஆபீஸுக்குப் போகும்போது ஆணை நகல், கார்டு ஒப்படைத்த ஒப்புகை, பயிற்சிச் சான்றிதழ், சலான் ரசீது, ஆதார் எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு கைக்கு வந்ததும் வண்டியை எடுக்க அவசரப்படாதீர்கள். ஆபீஸ் வாசலிலேயே போனில் சாரதியைத் திறந்து எண்ணைப் போட்டுப் பாருங்கள். கார்டு உங்கள் கையிலும், தளத்தில் இன்னும் சஸ்பெண்ட் என்றும் இருந்தால், ரோட்டில் போலீஸ் பார்ப்பது தளத்தைத்தான். அப்படி இருந்தால் அப்படியே திரும்பி உள்ளே போய், சரிசெய்யச் சொல்லி எழுதிக் கொடுத்து சீல் வாங்குங்கள். சரியாகிவிட்டால் அந்தப் பக்கத்தை தேதியோடு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.